இரண்டு அங்குலம் தூக்கிய வண்டி

1

இந்த நாட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்து மூன்று வருடம் ஆகிறது. அதை நினைவில் வைத்திருந்தவள் என் மனைவி எஸ்தர்தான். கேசரி கிண்டியிருந்தாள். முதல் வாய் வைக்கும்போது மகள் ரூத்திடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. சிவப்பு மண் ரோடு, நடுவில் அவளுடைய வெள்ளை வண்டி, கண்ணாடி வரைக்கும் புழுதி. கீழே, "ஒரு சத்தமும் இல்லப்பா, சூப்பரா போகுது" என்று எழுதியிருந்தாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள் எஸ்தர். நான் கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். அந்த வண்டியில் நான் செய்துவைத்த காரியம் அப்படி. நாங்கள் ஊருக்கு அனுப்புகிற படங்களில் புல்வெளியும் கேக்கும்தான் இருக்கும். இதையும் ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஒரு சின்னக் கிராமத்துக்காரன். அப்பா இன்னொருவருடைய டிராக்டரை ஓட்டியவர். எனக்கோ எந்திரம் என்றாலே ஆகாது. தொண்ணூறுகளில் தஞ்சாவூரில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வகுப்பு முளைத்தபோது அதில் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஆஸ்திரேலியா. ஒரு நகராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. காருக்கு ஆயில் மாற்றக்கூட ஆள் தேடுகிறவன்.

ரூத் கால்நடை மருத்துவம் படித்தாள். அதைக் கேட்டு என் பெரியப்பா மகன் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏண்டா, மாட்டு டாக்டருக்குப் படிக்க வைக்கவா அம்புட்டு தூரம் போன? நம்ம ஒரத்தநாட்டுலயே காலேஜ் இருக்கே, டவுன் பஸ்ஸுல போயிட்டு வந்திருக்கலாமே!"

படிப்பு முடிந்ததும் அவள் பிடித்த வேலை எங்கள் வீட்டிலிருந்து ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் வடக்கே, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவில். நாலு தெரு தள்ளி நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற வேலை கிடைத்தும் வேண்டாம் என்றுவிட்டாள். எனக்கு உடனே சந்தேகம். அப்படி ஒரு பொட்டல்காட்டுக்கு ஒரு பெண் தானாகவா போவாள்? எவனோ ஒருவன் அங்கே இருக்கிறான். எஸ்தரிடம் சொன்னேன். "இருந்தா அவளே சொல்லுவா. உங்க மூளைக்கு ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாதா?" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு எட்டு மாதம் "அடுத்த வாரம் சார், அடுத்த வாரம் சார்" என்ற ஏஜெண்டைப் பார்த்தவன். அவனைப் பார்த்த பிறகும் சந்தேகம் வராவிட்டால் அதுதான் வியாதி.

2

அவள் போகிற இடத்தில் தார் ரோடு பாதியில் நின்றுவிடும். மிச்சமெல்லாம் கல்லும் பள்ளமும். சாதாரண வண்டி போனால் அடிவயிறு தட்டும். அதனால் வண்டியின் உடம்பைச் சக்கரத்திலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும். அதற்கென்றே உயரமான ஸ்பிரிங், நீளமான ஷாக் அப்சார்பர், போல்ட்டு, போல்ட்டைச் சுற்றி அதிர்வு தாங்குகிற ரப்பர் புஷ் எல்லாவற்றையும் ஒரே செட்டாக விற்கிறார்கள். பட்டறையில் விட்டுவிடலாம் என்றேன்.

"அங்க நடு ரோட்டுல ஏதாவது கழண்டா யாருப்பா வருவா? நானே கழட்டி நானே மாட்டினாத்தான் அது எனக்குத் தெரிஞ்ச வண்டி" என்றாள் ரூத்.

"இதுக்கு முன்னாடி மாட்டியிருக்கியா?"

"இல்ல. அதனாலதான் இப்ப மாட்டறேன்."

கோபம் வந்தால் அவள் இங்கிலீஷுக்கு மாறிவிடுவாள். பத்து வயதுக்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டைகளெல்லாம் இங்கிலீஷில்தான். என் பக்கத்து நியாயத்தை அந்த மொழியில் எடுத்து வைப்பதற்குள் அவள் கதவைச் சாத்தியிருப்பாள். அன்றைக்குத் தமிழிலேயே நின்றது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நான்கு பெட்டிகள் வந்தன. நான் போல்ட்டுகளைக் கொட்டி எண்ணினேன். பட்டியலில் முப்பத்திரண்டு, தரையில் முப்பத்து மூன்று. ஒன்று குறைந்திருந்தால் மறதி என்று விட்டுவிடலாம். ஒன்று கூடுதலாக இருந்தால் என்ன அர்த்தம்? வேறு எவனுடைய பெட்டியிலோ ஒன்று குறைகிறது என்றுதானே? அப்படிக் கட்டி அனுப்புகிற கம்பெனியின் இரும்பு மட்டும் ஒழுங்காக இருக்குமா? ரூத் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "ஸ்பேர் குடுத்திருக்காங்கப்பா" என்றாள்.

அடுத்து அரசாங்கம். வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு போன் போட்டு நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். "நான் ஒரு காரைத் தூக்க வேண்டும், அதற்கு அனுமதி தேவையா?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.  "உங்கள் சொந்தக் காரா, சார்?" என்றாள். அதற்கப்புறம் விளக்கினேன். குறிப்பிட்ட உயரத்துக்குள் இருந்தால் பொறியாளர் சான்றிதழ் வேண்டாம், ஒரு மில்லிமீட்டர் தாண்டினாலும் வேண்டும் என்றாள். இதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன். இணையத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டாள். எழுத்தில் தர மாட்டேன் என்பவர்களை நான் நம்புவதில்லை.

ரூத்தை வேலைக்கு எடுத்தவர்களும், வண்டிக்குச் சோதனை நிலையத்தில் ஒரு தகுதிச் சான்று வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை சோதனை, அடுத்த திங்கட்கிழமை அவள் கிளம்ப வேண்டும்.

3

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் பாரி. தமிழில் எழுதினால் உங்களுக்கு வள்ளல் ஞாபகம் வரும். இவரும் அந்த ரகம்தான். நாற்பது வருடம் சுரங்க லாரிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தைந்து தாண்டியவர். பெட்டிகளைப் பார்த்ததும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு ஜாக்கி, நான்கு இரும்பு ஸ்டாண்டு, ஒரு பெட்டி ஸ்பேனர் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கூடவே டார்க் ரெஞ்ச் என்று ஒன்று. எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று அதில் திருகி வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும்.

கேட்காமலே கொடுக்கிறவரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். எங்கள் முருங்கை மரத்து இலை அவர் வீட்டுக் கூரையில் மழைத்தண்ணீர் வடிகிற தகரக் காலில் விழுந்து அடைக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பேச்சு வந்திருந்தது. ஆக, மரத்துக்குத்தான் அடிபோடுகிறார் என்று முடிவு கட்டினேன். எஸ்தரிடம், "பாத்துக்கிட்டே இரு, வண்டி முடிஞ்ச மறுநாள் அரிவாளோட வருவாரு" என்றேன். அவள் அவருக்கு டீ போட்டுக் கொண்டுபோனாள்.

இன்னொன்றும் இருந்தது. அவர் ரூத்தை இரண்டு தடவை தன் மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் மனைவி ஜேன் வேலி ஓரமாக எஸ்தரிடம் சொல்லியிருந்தாள்: இப்போதெல்லாம் மறக்கிறார், கெட்டிலை வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறார். இந்த வயதில் டிரைவிங் லைசென்ஸுக்கு வருடா வருடம் டாக்டர் கையெழுத்து வேண்டும். அடுத்த மாதம் அந்தப் படிவம் வரும். வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டால் மனுஷன் படுத்துவிடுவார் என்று ஜேனுக்குப் பயம்.

எஸ்தர் அதை இரக்கத்தோடு சொன்னாள். என் காதில் வேறு மாதிரி விழுந்தது. மறதிக்காரர் பேச்சைக் கேட்டா என் மகள் ஸ்பிரிங் மாட்டப் போகிறாள்?

4

முன்பக்கம் முந்தின வாரமே முடிந்துவிட்டது. அது கம்பெனியிலேயே கூட்டி அனுப்பியதை அப்படியே மாட்டுகிற வேலை. பின்பக்கம்தான் கஷ்டம். பழைய ஸ்பிரிங் பிளேட்டுகளைக் கழற்றிப் புதியவற்றை வைக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். வண்டியின் பின்பக்கத்தை ஸ்டாண்டு மேல் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பாரி ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கீழே படுத்து வேலை செய்தது முழுக்க ரூத். துருப்பிடித்த ஒரு போல்ட்டோடு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டினாள். அது விட்டுக்கொடுத்தபோது அவள் போட்ட கூச்சலில் எஸ்தர் கரண்டியோடு ஓடி வந்தாள். நான் கை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இருவரையும் கண்காணித்தேன்.

சாயங்காலம் புது ஸ்பிரிங்குகள் ஏறிவிட்டன. பாரிக்கு இடுப்பு வலி. கருவிகளை அடுக்கி வைத்துவிட்டு ரூத்திடம் என்னவோ சொல்லிவிட்டுப் போனார். "நாளைக்குச் சர்ச் முடிஞ்சு வந்து கீழ இறக்கிக்கலாம்" என்று அவளும் குளிக்கப் போனாள்.

நான் குனிந்து ஒரு நட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரலுக்கே சுற்றியது. அடுத்ததும் அப்படி. ஸ்பிரிங்கை வண்டியோடு பிடிக்கிற ஆறு போல்ட்டுகளும் லொடலொட.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சேற்றுழவுக்கு டிராக்டர் வயலில் இறங்குமுன் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டுவார்கள். அதன் நட்டுகளை வரப்பிலேயே, ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி, இரண்டு பேர் தொங்கி, இரும்பு முனகுகிற வரைக்கும் முடுக்கிவிட்டுத்தான் இறங்குவார்கள். சேறு விழுங்கினால் விழுங்கியதுதான். தளர்ந்த நட்டு என்பது எங்கள் பக்கத்தில் அஜாக்கிரதை இல்லை, குற்றம்.

ஒரு குறுவைச் சாகுபடியின்போது அப்பா ஓட்டிய டிராக்டரில் ஒரு நட்டு காணாமல் போனது. அப்பா அதை விற்றுவிட்டார் என்றார் டிராக்டர் முதலாளி. அப்பா மூன்று நாள் அந்த வயலில் காலால் துழாவிக்கொண்டே நடந்தார். பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் அதைப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கடைசியில், "நான்தான் சரியா முடுக்கலை போலிருக்கு" என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அதனால் நான் யோசிக்கவே இல்லை. தோட்டத்துக் குழாய்க்கு வாங்கி வைத்திருந்த இரும்புப் பைப்பை ஸ்பேனரில் செருகி ஆறையும் முடுக்கினேன். எந்திரம் ஆகாதவன் கையில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ! எல்லாம் முனகியது. ஸ்பேனரைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன். ரூத்திடம் சொல்லவில்லை. சொன்னால் "ஏன் தொட்டீங்க?" என்பாள். காப்பாற்றியவன் யார் என்று தெரியாமலே இருக்கட்டும் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ரூத் வண்டியை இறக்கினாள். எங்கள் சபை ஐயர், அதாவது பாதிரியார், வந்து பானட்டில் கை வைத்து ஜெபம் பண்ணினார். இடுப்பு வலியில் பாரியால் எழுந்திருக்க முடியவில்லை. ரூத் தனியாகப் படுத்து டார்க் ரெஞ்சால் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தொட்டதுமே 'டக்', தொட்டதுமே 'டக்'. டக் என்றால் சரி என்று பாரி சொல்லியிருந்தார். அவள் புதுசு. திருகாமலே டக் என்றால் யாரோ முன்பே முடுக்கிவிட்டார்கள் என்று தோன்றாமல், சரி என்றே எடுத்துக்கொண்டாள்.

5

வியாழக்கிழமை வண்டி தேறவில்லை. அதற்கு முன்னாலேயே மூன்று நாளாக, பள்ளத்தில் இறங்கினால் கீச் கீச் என்று ஒரு சத்தம். சோதனை நிலையத்துக்காரர் டேப்பை வைத்து அளந்தார். அனுமதித்த உயரத்தைத் தாண்டி நின்றது. அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விளக்கினார். இந்த ஆறு போல்ட்டுகளையும் வண்டி தரையில் நின்று எடை இறங்கிய பிறகுதான் முடுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது முடுக்கினால் உள்ளே இருக்கிற ரப்பர் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்ளும். பிறகு எடை இறங்கும்போது ரப்பர் முறுக்கிக் கிழியும், ஸ்பிரிங் தன் இடத்துக்கு வராது. இரண்டு புஷ் கிழிந்திருந்தது. "கல் ரோட்டில் இப்படியே போயிருந்தால்..." என்று ஆரம்பித்தவர், ரூத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆக, அவை தளர்ந்திருந்தது வேண்டுமென்றுதான். சனிக்கிழமை பாரி போகும்போது ரூத்திடம் சொன்னது அதைத்தான்.

ரூத்தான் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தாள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நான் தொடலப்பா. பாரிதான். டூல்ஸ் எடுத்து வைக்கும்போது முடுக்கிட்டுப் போயிருக்காரு. என்கிட்ட சொன்னதையே மறந்துட்டாரு" என்றாள். 

நேராக அவர் வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் நின்றேன். மரியாதையாகத்தான் கேட்டாள். அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "நான் அப்படிச் செய்யமாட்டேனே" என்றார் முதலில். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செய்திருக்கலாம். இப்போதெல்லாம் என்னை என்னாலேயே சொல்ல முடிவதில்லை. மன்னித்துக்கொள்ளம்மா."

"பரவாயில்லை, மிச்சத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றாள் ரூத். அவர் தலையாட்டினார். அதுவரை சந்தேகப்படுவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த எனக்கு, சந்தேகப்பட வேண்டிய ஆள் யார் என்று தெரிந்தது. வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பாரி பேப்பர் வாங்கக் கடைக்கு நடந்து போனார். நான் பார்த்த ஒன்பது வருடமாக அவர் காரில்தான் போவார். ஜேன் எஸ்தரிடம் அழுதிருக்கிறாள். "ஒரு பொண்ணோட சக்கரத்துலயே மறந்தவன் ரோட்டுல என்ன மறக்க மாட்டேன்னு, சாவியை அவங்க கையில குடுத்துட்டாராம். டாக்டர் படிவத்துக்குக்கூடக் காத்திருக்கலையாம்" என்று எஸ்தர் சொன்னாள். சொல்லிவிட்டு, "பாவங்க" என்றாள்.

பல வருடங்களுக்கு முன்னால் அப்பா இறந்தபோது ஊருக்குப் போயிருந்தேன். அந்த முதலாளியின் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த நட்டு சேற்றில் விழவே இல்லையாம். கடையில் அதே அளவு வாங்குவதற்காக இவர் கழற்றிக்கொண்டு போய், மேசை டிராயரில் போட்டுவிட்டாராம். "உங்கப்பா சேத்துல நடந்தப்பவே எனக்கு ஞாபகம் வந்துடுச்சு தம்பி. அண்ணனுக்குப் பயந்துகிட்டு சொல்லலை" என்றார். அந்த மனிதரை நான் மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை. இத்தனை வருடமும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு யாரிடம் பயம்? என் மகளிடம்தான். வெட்கமாக இருந்தது.

6

புது புஷ் வந்தது, எல்லாவற்றையும் தளர்த்தித் திரும்ப முடுக்கினார்கள், வண்டி தேறியது, ரூத் இரண்டு நாள் தாமதமாக வேலையில் சேர்ந்தாள். அதெல்லாம் சுலபம். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கஷ்டம்.

ரூத் வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். கால் மட்டும் தெரிந்தது. முகம் தெரியாமல் இருப்பதே நல்லது என்று அந்தக் காலிடம் சொன்னேன்.

"பாப்பா, அதை முடுக்கினது நான்."

ஸ்பேனர் சத்தம் நின்றது. "எதை?"

"ஆறையும். நீ குளிக்கப் போனப்ப. தளர்ந்து கிடந்துச்சு. நீ விட்டுட்டன்னு நெனச்சேன்."

அவள் வெளியே வரவில்லை. இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: நீங்கள் என்னிடம் கேட்டிருக்கலாம். திட்டியிருந்தால் தேவலை. பிறகு தமிழுக்கு வந்தாள். "நேத்து நான் அவர்கிட்ட பேசினப்ப நீங்க பின்னாடியே நின்னீங்களேப்பா."

"நின்னேன்."

"அப்ப என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அங்க போங்க. நானும் அப்புறம் வந்து மன்னிப்புக் கேக்கறேன். முதல்ல நீங்க போங்க."

போனேன். இந்த நாட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டுப் பழகிவிட்டேன். கடையில் ஒருவர் தோள் உரசினாலும் 'சாரி', லிஃப்டில் தும்மினாலும் 'சாரி'. நிஜமாகக் கேட்க வேண்டிய அன்றைக்கு அந்த வார்த்தை போதவில்லை. இருபத்து மூன்று வருட இங்கிலீஷில் வேறு வார்த்தையும் கிடைக்கவில்லை. கதவைத் திறந்த பாரியிடம் நடந்ததை மட்டும் வரிசையாகச் சொன்னேன். சனிக்கிழமை, நீங்கள் போன பிறகு, நான், பைப் போட்டு.

"நீங்களா?"

"நான்தான்."

"அப்போ நான் முடுக்கலை?"

"நீங்க தொடவே இல்லை. ரூத்திடம் நீங்க சொன்னதுதான் சரி. தெரிஞ்சும் நேற்று நான் பேசாம நின்னேன்."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறைந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நான் நின்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. உள்ளே திரும்பி, "ஜேன்! ஜேன், இங்கே வா!" என்று சத்தமாகக் கூப்பிட்டார். ஜேன் ஈரக் கையோடு வந்தாள். என்னைக் காட்டி, "இன்னொரு தடவை சொல்லுங்க. இவள் காதால் கேட்கட்டும்" என்றார்.

சொன்னேன். ஜேன் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். அவருக்கு இன்னும் போதவில்லை.

"எந்தெந்தப் போல்ட்டு? அதையும் சொல்லுங்க."

இடது பக்கம் முன்னால் ஒன்று, பின்னால் மேலே ஒன்று, கீழே ஒன்று. வலது பக்கமும் அதே மாதிரி மூன்று. ஆறையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் பாரி மனைவியின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.